பிள்ளையானால் ஏன் இந்தப் பாடு?

கேள்வியின் சாரம் இது. கணவன், மனைவி இருவரும் ஞானஸ்நானம் பெற்ற விசுவாசிகள். கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. உபவாச ஜெபம், சுகமளிக்கும் கூட்டம் என்று எல்லாம் பார்த்தாயிற்று, சிறுநீரகம் கெட்டதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இறங்கவில்லை. சபையைச் சேர்ந்த ஒரு அக்கா வீட்டுக்கு வந்து, "தேவனுடைய பிள்ளைகளுக்கு இப்படி வராதே, வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து மனைவிக்கு ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. "நான் உண்மையிலேயே தேவனுடைய பிள்ளைதானா? அதை எப்படி நிச்சயமாகத் தெரிந்துகொள்வது? டயாலிசிஸை நிறுத்திவிட்டு விசுவாசத்தில் நில்லுங்கள் என்கிறார்களே, அது சரியா?" என்று கேட்கிறார்.

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவை காத்திருக்கலாம், இது காத்திருக்காது. டயாலிசிஸை நிறுத்தாதீர்கள். ஒரு தடவைகூடத் தள்ளிப்போடாதீர்கள். பவுல் தன் கூடவே ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). அடிக்கடி நோய்வாய்ப்பட்ட தீமோத்தேயுவின் வயிற்றுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்றும் எழுதினார்; "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று எழுதவில்லை. அவரோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். எத்தனையோ பேரைச் சுகப்படுத்திய அப்போஸ்தலனின் பக்கத்திலேயே சுகமாகாதவர்களும் வைத்தியரும் இருந்திருக்கிறார்கள். "மருந்தை நிறுத்து" என்று சொல்லும் எவரும் பவுலைவிடப் பெரிய விசுவாசி என்று நான் நம்பத் தயாராக இல்லை.

இனி முதல் கேள்விக்கு வருவோம்.

"நீ தேவனுடைய பிள்ளையானால் உனக்கு ஏன் இப்படி?" என்ற கேள்வி உங்களிடம்தான் முதல் தடவையாகக் கேட்கப்பட்டது என்று நினைக்காதீர்கள். இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது, "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று வானத்திலிருந்து சத்தம் உண்டானது. மத்தேயு அடுத்த வசனத்திலேயே அவரை வனாந்தரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார். நாற்பது நாள் பசி. அந்தப் பசியைக் காட்டித்தான் சோதனைக்காரன், "நீர் தேவனுடைய குமாரனேயானால், இந்தக் கல்லுகள் அப்பங்களாகும்படி சொல்லும்" என்று ஆரம்பிக்கிறான். மகனென்றால் பட்டினி கிடப்பானேன் என்பதுதான் அதற்குள் இருக்கும் வாதம். பிறகு சிலுவையிலும் அதே வாதம் வருகிறது: "நீ தேவனுடைய குமாரனானால் சிலுவையிலிருந்து இறங்கி வா." பிரதான ஆசாரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தேவன் இவன்மேல் பிரியமாயிருந்தால் இப்போது இவனை இரட்சிக்கட்டும் என்றார்கள். பாடு வந்தால் பிரியம் இல்லை என்று அர்த்தம், பிரியம் இருந்தால் பாடு வராது. உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அந்த அக்கா சொன்னதும் இதேதான். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் சுவிசேஷத்தில் அந்த வாக்கியத்தை யார் வாயில் கேட்கிறோம் என்று பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "அப்பா பிதாவே" என்ற கூப்பிடுதல் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது. இரண்டு இடங்களில் பவுல் விசுவாசிகளைப் பற்றிச் சொல்கிறார் (ரோமர் 8:15, கலாத்தியர் 4:6). மூன்றாவது மாற்கு 14:36. இயேசுவின் வாயிலிருந்து அந்தக் கூப்பிடுதல் பதிவான ஒரே இடம் அதுதான். அவர் அதைச் சொன்னது கானாவூர்க் கல்யாணத்திலும் அல்ல, ஐயாயிரம் பேர் சாப்பிட்டு எழுந்த புல்வெளியிலும் அல்ல. சிலுவைக்கு முந்தின ராத்திரி, கெத்செமனே தோட்டத்தில், தரையிலே விழுந்து கிடக்கும்போது: "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும்." பாத்திரம், அதாவது அந்தப் பாடு, எடுபடவில்லை. ஆனால் மகனுடைய உறவு அங்கே ஒரு நூலிழைகூட அறுந்துபோகவில்லை. ரோமர் 8இல் ஆவியானவர் நம்மையும் இதே கூப்பிடுதலுக்குள் கொண்டுவருகிறார் என்கிறார் பவுல். அப்படியென்றால் பிள்ளை என்ற நிச்சயத்தை டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் மட்டும் தேடுவது தப்பான இடத்தில் தேடுவது. டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி கெத்செமனேக்கு இன்னும் பக்கம்.

ரோமர் எட்டாம் அதிகாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாம் பிள்ளைகளானதை அங்கே பவுல் "புத்திரசுவிகாரம்", அதாவது தத்தெடுப்பு, என்கிறார். பவுல் இந்தக் கடிதத்தைக் கொரிந்துவிலிருந்து ஏறக்குறைய கி.பி. 57இல் எழுதினார். அப்போது ரோமாபுரியின் அரியணையில் இருந்தவன் நீரோ. அவன் கிலவுதியு பேரரசனுக்குப் பிறந்த பிள்ளை அல்ல. கி.பி. 50இல் கிலவுதியு அவனைச் சுவிகாரம் எடுத்துக்கொண்டான். அதுவும் தனக்குப் பிறந்த மகன் பிரிட்டானிக்கஸ் உயிரோடு இருக்கும்போதே. நான்கு வருடத்தில் கிலவுதியு செத்தான், பேரரசு போனது சுவிகாரப் பிள்ளைக்கு. அதற்கும் முன்னே அகுஸ்து ஜூலியஸ் சீசருக்கு வாரிசானதும் சுவிகாரத்தால்தான். ஆகவே ரோமாபுரியில் "புத்திரசுவிகாரம்" என்று காதில் விழுந்தால், போனால் போகிறதென்று வீட்டில் இடம் கொடுக்கப்பட்ட அநாதை யாருக்கும் நினைவுக்கு வந்திருக்க மாட்டான். பெரும்பாலும் வளர்ந்த ஆணைத் தேர்ந்தெடுத்து, பேரும் குலமும் சொத்தும் அவனுக்கே என்று ஆக்கும் சட்டச் செயல் அது. நம் ஊர் ஜமீன்களில் நடந்த சுவிகாரமும் ஏறக்குறைய இப்படித்தான், வாரிசுக்காக. முடிவெடுப்பவர் தகப்பன். பிள்ளையின் உடல்நிலையும் மனநிலையும் பிறகு எப்படி மாறினாலும் அந்த முடிவு தானாக ரத்தாவதில்லை.

இதைக் காதால் கேட்டவர்கள் யார்? பதினாறாம் அதிகாரத்தில் பேர் பேராக வாழ்த்துச் சொல்கிறார் பவுல். அரிஸ்தொபூலுவின் வீட்டார், நர்கீசுவின் வீட்டார் என்று வருகிறதே, அவர்கள் அந்தப் பெரிய வீடுகளில் இருந்த அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் என்பது வேத ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. ரோமச் சட்டப்படி அடிமைக்குத் தகப்பன் என்று ஒருவன் கிடையாது. சொத்தும் கிடையாது; அவனே இன்னொருவன் சொத்து. அப்படிப்பட்ட ஒருவன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று, "நாம் பிள்ளைகளானால் சுதந்தரருமாமே, தேவனுடைய சுதந்தரரும், கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரருமாமே" என்று வாசிப்பதைக் கேட்கிறான். சுதந்தரர் என்றால் வாரிசுகள். மறுநாள் காலையில் அவன் அதே எஜமான் வீட்டில் தண்ணீர் சுமக்கத்தான் போகிறான். அவன் நிலைமையில் கண்ணுக்குத் தெரிய எதுவுமே மாறவில்லை. பிள்ளை என்ற நிச்சயம் நிலைமையைப் பார்த்து வருவதாக இருந்தால், அந்தச் சபையில் முக்கால்வாசிப் பேர் ஆமென் சொல்லியிருக்க முடியாது.

அதே பதினேழாம் வசனம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்: "கிறிஸ்துவுடனேகூட நாம் மகிமைப்படும்படிக்கு அவருடனேகூடப் பாடுபட்டால் அப்படியாகும்." வாக்குத்தத்த அட்டைகளில் இந்தப் பாதியை நான் பார்த்ததில்லை. முதல் பாதியை அச்சடித்துப் பூப்படம் போட்டுவிடுகிறோம். பவுலோ பாடுபடுவதைப் பிள்ளை என்ற உறவுக்கு விரோதமான சாட்சியாக நிறுத்தவில்லை. சுதந்தரப் பத்திரத்துக்குள்ளேயே அதை எழுதிவிட்டார். பாடுபட்டுச் சுதந்தரத்தைச் சம்பாதிக்கிறோம் என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. மூத்தவராகிய கிறிஸ்து போன வழியில் தம்பி தங்கைகளும் போகிறார்கள், அவ்வளவே. முப்பத்தைந்தாம் வசனத்தில் உபத்திரவம், வியாகுலம், துன்பம், பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம் என்று அடுக்குகிறார். அது அலங்காரத்துக்குச் சொன்ன பட்டியல் அல்ல. ஏழே வருடத்தில், கி.பி. 64இல் ரோமாபுரி தீப்பற்றி எரிந்தபோது, சுவிகாரத்தால் பேரரசனான அந்த நீரோ கிறிஸ்தவர்கள்மேல் பழியைப் போட்டு அவர்களைக் கொடூரமாகக் கொன்றதை டாசிட்டஸ் என்ற ரோம வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். இந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்டவர்களில் சிலரும் அதில் அகப்பட்டிருக்கக்கூடும்.

"வார்த்தை வருவதில்லை" என்றீர்கள். இந்த அதிகாரத்தில் உங்களுக்கென்றே எழுதின மாதிரி ஒரு வசனம் இருக்கிறது. "நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ளவேண்டியதின்னதென்று அறியாமலிருக்கிறபடியால், ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்." "நீங்கள் அறியாமல்" என்று எழுதாமல் "நாம்" என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார் பவுல். இதற்கு முன்னாலேயே சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது, ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற நாமும் தவிக்கிறோம் என்று சொல்லிவிட்டார். தவிப்பு ஆவியில்லாதவர்களின் அடையாளம் என்றுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? பவுல் கணக்கு வேறு. ஆவியைப் பெற்றிருப்பதால்தான் தவிப்பு. வரவேண்டியது என்ன என்று ருசி பார்த்துவிட்டோம், அது இன்னும் வந்து சேரவில்லை. அவர் எடுக்கும் உவமை பிரசவவேதனை. பிரசவ வார்டில் கேட்கும் அலறலும் வலிதான், ஆனால் வெளியே நிற்பவர்கள் அதைக் கேட்டுத் துணி மடித்துத் தயாராக வைக்கிறார்கள்.

அப்படி எதற்காகக் காத்திருக்கிறோம்? "நம்முடைய சரீர மீட்பாகிய புத்திரசுவிகாரம்" என்கிறது இருபத்துமூன்றாம் வசனம். இந்தச் சரீரம்தான், சிறுநீரகம், டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா போட்ட தழும்பு எல்லாம் சேர்ந்த சரீரம். கிறிஸ்தவ நம்பிக்கை ஆத்துமா எங்கோ பறந்துபோவதோடு முடிவதில்லை. உங்கள் கணவருக்கு நாளைக்கே சிறுநீரக மாற்று நடந்து நல்லபடியாக ஆனாலும், அந்தச் சரீரமும் ஒருநாள் மண்ணுக்குப் போகும். இயேசு உயிரோடு எழுப்பின லாசருவும் இரண்டாம் தடவை செத்திருப்பான். அதனால் சுகத்துக்காக ஜெபிப்பது வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இயேசுவே பாத்திரத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டார். பவுல் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்றுதரம் கேட்டார். கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். ஆனால் நம்பிக்கையின் முழுப் பாரத்தையும் அடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டின்மேல் ஏற்றாதீர்கள். அது தாங்காது.

இருபத்தெட்டாம் வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்தவர்கள் காயத்தில் தடவும் உப்பு மாதிரி அதை உபயோகிக்கிறவர்கள் உண்டு. "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது." சிறுநீரகம் கெட்டுப்போனது நன்மை என்று பவுல் சொல்லவில்லை. நன்மை என்பது என்ன என்று அடுத்த வசனமே சொல்கிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. பதவி உயர்வு, வீட்டு மனை, வெளிநாட்டு விசா என்று நாம்தான் அதை மாற்றி எழுதிக்கொண்டோம். எரேமியா 29:11க்கும் இதே கதிதான். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" வாக்களிக்கும் அந்தக் கடிதம் போனது பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. முதலில் வாசித்த பெரியவர்களில் அநேகர் எருசலேமைத் திரும்பப் பார்க்காமலே செத்திருப்பார்கள். வாக்குத்தத்தம் அதனால் பொய்யாகிவிடவில்லை.

மறைந்த பாவம் பற்றி. பிறவிக் குருடனைப் பார்த்து "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றார் ஆண்டவர். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்ல என்றார். பாவத்தால் நோய் வருவதே கிடையாது என்று சொல்ல முடியாது. கொரிந்து சபையில் அப்படி நடந்ததாகப் பவுல் எழுதுகிறார். ஆனால் யாக்கோபு நோயாளிக்காக ஜெபிக்கச் சொல்லும்போது, பாவம் செய்தவனா*னால்* மன்னிக்கப்படும் என்று "ஆனால்" போட்டுத்தான் எழுதுகிறார். ஆவியானவர் பாவத்தை உணர்த்தும் விதத்தையும் பாருங்கள். தாவீதிடம் நாத்தான் வந்து "நீயே அந்த மனுஷன்" என்றபோது எந்தப் பாவம், யாருக்கு விரோதமாக என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. "ஏதோ பாவம்" என்று பொத்தாம்பொதுவாக வருவது வேறு ரகம். குறிப்பாக ஒன்று உங்கள் மனசில் உறுத்தினால் அறிக்கையிட்டு விட்டுவிடுங்கள். ஒன்றும் தோன்றவில்லையென்றால் பழைய பீரோவைத் தலைகீழாகக் கொட்டித் துழாவிக்கொண்டிருக்க வேண்டாம். எபிரெயர் 12இல் சிட்சை என்று வருகிறதே என்பார்கள். அதை வாசித்தவர்கள் விசுவாசத்துக்காக அவமானமும் சொத்துப் பறிப்பும் அனுபவித்தவர்கள். "நீங்கள் புறம்பாக்கப்படவில்லை, புத்திரராகவே நடத்தப்படுகிறீர்கள்" என்று அவர்களைத் தேற்ற எழுதினது அது.

அப்படியானால் ஏன் உங்கள் கணவருக்கு, ஏன் இப்போது? இதற்கு வேதத்தில் பதில் இல்லை. யோபுவுக்கே கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்த உரையாடல் வாசிக்கிற நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. யாராவது காரணம் தெரியும் என்று வந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

நிச்சயத்தை உணர்ச்சியில் தேடுவதிலும் ஆபத்து இருக்கிறது. ஆவியானவரின் சாட்சி என்றால் உடம்பு சிலிர்க்க வேண்டும், கண்ணீர் வர வேண்டும், அந்நியபாஷை வர வேண்டும் என்ற எண்ணம் நம் கூட்டங்களில் வேரூன்றிவிட்டது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு 1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் இருதயம் விநோதமாக அனல்கொண்டது; மெதடிஸ்டுகள் இன்றும் அந்த நாளை நினைவுகூருகிறார்கள். அதே வெஸ்லி எட்டு மாதம்கூட ஆகாமல், 1739 ஜனவரி 4 தேதியிட்டு, நான் இப்போதும் கிறிஸ்தவன் இல்லை என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். அனல் வந்தது, போனது. பிறகு ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்த மனிதர் ஊர் ஊராகக் குதிரையில் போய்ப் பிரசங்கித்தார். பதினேழாம் நூற்றாண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற புராட்டஸ்டண்டு விசுவாச அறிக்கையும், உண்மையான விசுவாசி இந்த நிச்சயத்துக்காக நெடுநாள் காத்திருந்து பல கஷ்டங்களோடு போராட வேண்டிவரலாம் என்கிறது. கத்தோலிக்கர்கள் இதை வேறுவிதமாகச் சொல்வார்கள். தனக்குக் கிருபை உண்டென்று ஒருவர் தவறவே முடியாத உறுதியோடு அறிய முடியாது என்பது 1547இல் அவர்களுடைய சபைத் தலைவர்கள் கூடிய திரெந்து சங்கம் எடுத்த நிலை. அந்த விவாதத்துக்குள் இப்போது உங்களை இழுக்க மாட்டேன். இரண்டு பக்கத்தாரும் கைகாட்டுவது கிறிஸ்து செய்து முடித்ததையே, நம் நாடித்துடிப்பை அல்ல. "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்கிறார் யோவான். தீர்ப்புச் சொல்கிற நாற்காலி உங்கள் இருதயத்துக்குக் கொடுக்கப்படவில்லை.

நம் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த சிறுமிகளை 1901 முதல் எடுத்து வளர்த்தார். அவர் பெற்ற பிள்ளை ஒன்றுகூட இல்லை. "அம்மா" என்று கூப்பிட்டது நூற்றுக்கணக்கில். 1931இல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதிலிருந்து 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் ஒரே அறையில், ஓயாத வலியோடு. அவர் சுகத்துக்காக ஜெபிக்காதவர் டோனாவூரில் யாரும் இருந்திருக்க முடியாது. நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் புத்தகங்கள் தனக்கு ஒட்டவில்லை என்று உணர்ந்து, நோயாளி நோயாளிக்கு எழுதுவதாகவே ஒரு புத்தகம் படுக்கையிலிருந்து எழுதினார். எனக்கு அவர் வாழ்க்கையில் பிடித்தது அந்தச் சலிப்புதான். கட்டிலில் கிடப்பவரிடம் நின்றுகொண்டு பேசும் ஆறுதலுக்கு ஒரு தொனி உண்டு. உங்கள் கணவருக்கும் அது இந்நேரம் பழகியிருக்கும்.

செய்யக்கூடியதாக இரண்டு காரியம் சொல்கிறேன். சங்கீதம் 88ஐ இருவரும் சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். அது இருட்டிலேயே முடிகிற சங்கீதம். "ஆனாலும் உம்மைத் துதிப்பேன்" என்ற திருப்பம் கடைசிவரை வராது. இருந்தும் அதை வேதத்தில் வைத்திருக்கிறார்கள், முதல் வரியில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று இருக்கிறது. ஜெபிக்க வார்த்தை இல்லாத நாளில் இந்த வார்த்தைகளைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது, திருவிருந்துக்குப் போவதை நிறுத்தாதீர்கள். கணவரால் வர முடியாவிட்டால் சபை ஐயரையோ பாஸ்டரையோ வீட்டுக்கு வரச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை, அவர்கள் செய்ய வேண்டிய வேலை. டயாலிசிஸில் இருப்பவர் குடிக்கிற தண்ணீருக்கே அளவு இருக்கும், ஒரு மடக்குத் திராட்சரசம் போதும்.

அந்த அக்காவோடு சண்டைக்குப் போக வேண்டாம். யோபுவின் நண்பர்கள் வாயைத் திறப்பதற்குமுன் ஏழு நாள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அந்த ஏழு நாளை யாரும் குறை சொல்ல முடியாது. அக்கா மறுபடியும் வந்தால் காபி கொடுத்துவிட்டு, வருகிற டயாலிசிஸ் நாளில் நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரியில் கணவருக்குத் துணையாக இருக்க முடியுமா என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் அன்றைக்கு நீங்கள் வீட்டில் படுத்துத் தூங்குங்கள்.